நிலநடுக்க அறிக்கையை வரி வரியாக வாசிப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2012 ஏப்ரல் 11, புதன்கிழமை. மதியம் இரண்டு மணி தாண்டிச் சில நிமிடங்கள். சென்னையில் மாடிக் கட்டடங்களில் இருந்தவர்களுக்குத் தலை சுற்றுவது போலிருந்தது. நாற்காலி மெல்ல ஆடியது, பாட்டிலில் தண்ணீர் தளும்பியது. எல்லோரும் படியிறங்கித் தெருவுக்கு வந்தார்கள். சுமத்ராவுக்கு மேற்கே கடலில் 8.6 அளவில் நிலநடுக்கம் என்று செய்தி வந்ததும் கடலோரத்தில் பலர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு உள்பக்கம் கிளம்பினார்கள். 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்தவர்கள் வேறென்ன செய்வார்கள்? ஆனால் அன்று பேரலை வரவில்லை. கருவிகளில் மட்டும் பதிவாகும் சிறு ஏற்றம்தான் நம் கரையில் இருந்தது.

ஏறக்குறைய அதே கடல், இரண்டும் மிகப் பெரிய அதிர்வுகள். ஒன்று 14 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. இன்னொன்று நாற்காலியை ஆட்டிவிட்டுப் போனது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளப் பத்துப் பன்னிரண்டு சொற்கள் போதும். அவை பள்ளிப் புவியியல் புத்தகத்தில் இருப்பவைதான். இரண்டு மதிப்பெண் கேள்விக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகிறோம், அதுதான் எனக்கு வருத்தம். ஓர் உண்மையான அறிக்கையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தால் மறக்காது. 2004 நிலநடுக்கத்தின் அறிக்கையைச் சுருக்கினால் இப்படி இருக்கும்:

நாள்: 26-12-2004
நேரம்: 00:58:53, உலகப் பொது நேரம்
இடம்: வட சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால், 3.3 பாகை வடக்கு, 96.0 பாகை கிழக்கு
ஆழம்: 30 கி.மீ.
அளவு: 9.1

இதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: பெயரும் நேரமும்

நிலநடுக்கம், பூகம்பம், புவியதிர்ச்சி மூன்றும் ஒன்றுதான். நாளிதழ்கள் சிறியதை ‘நில அதிர்வு’ என்றும் பெரியதைப் ‘பூகம்பம்’ என்றும் எழுதுவது வழக்கம். அறிவியலில் அப்படிப் பிரிவு கிடையாது.

உலக அளவிலான அறிக்கைகள் உலகப் பொது நேரத்தில் வரும். அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் இந்திய, இலங்கை நேரம். 2004-இல் அது இந்தியாவில் காலை 6:28:53. ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். நாள் எல்லையைத் தாண்டும்போது தேதியும் மாறும் என்பதைக் கவனியுங்கள். உலக நேரப்படி இரவு எட்டு மணிக்கு நடந்தால் நமக்கு அது மறுநாள் அதிகாலை.

இரண்டாம் படி: எங்கே, எவ்வளவு ஆழத்தில்?

பூமியின் மேலோடு ஒரே துண்டாக இல்லை. பெரிதும் சிறிதுமான தட்டுகளாக உடைந்து, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் நகர்ந்துகொண்டிருக்கிறது. இவற்றைப் புவித்தட்டுகள் என்கிறோம். இரண்டு தட்டுகள் உரசும் இடத்தில் உராய்வு அவற்றைப் பிடித்து நிறுத்தும். ஆனால் தள்ளும் விசை நிற்பதில்லை. பாறை வில்லைப் போல வளைந்து இறுக்கத்தைச் சேர்த்து வைக்கும். ஒரு நாள் பிடி விடும். அந்த நொடியில் பாறை சட்டென நழுவும்போது எழும் அதிர்வுதான் நிலநடுக்கம். நழுவிய தளத்துக்குப் பெயர் பிளவு, அல்லது பிளவுத்தளம்.

நழுவல் தொடங்கும் புள்ளி பூமிக்குள்ளே இருக்கிறது. அதுதான் நிலநடுக்க மையம். குவியம் என்றும் சொல்வார்கள். அதற்கு நேர் மேலே தரைமட்டத்தில் இருக்கும் புள்ளி வெளிமையம். செய்திகளில் எபிசென்டர் என்று வருவது இதுதான். அறிக்கையில் உள்ள அட்சரேகையும் தீர்க்கரேகையும் வெளிமையத்தைக் குறிக்கும். ஆழம், அங்கிருந்து குவியம் எவ்வளவு கீழே இருக்கிறது என்பதைச் சொல்லும்.

வெளிமையத்தை நிலநடுக்கம் நடந்த ஒரே இடம் என்று நினைத்துவிடுவது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. துணி ஒரு முனையில் கிழியத் தொடங்கி மறுமுனை வரை ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். வெளிமையம் காட்டுவது கிழிசல் தொடங்கிய நுனியை மட்டுமே. 2004-இல் சுமத்ராவின் அருகே தொடங்கிய பிளவு வடக்கே அந்தமான் வரை 1,200 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. அது ஓடி முடிய ஏறக்குறைய பத்து நிமிடம் ஆனது. வரைபடத்தில் வெளிமையத்தை மட்டும் பார்த்து, ‘அந்தமான் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதே’ என்று யாராவது நிம்மதி அடைந்திருந்தால் அது தப்புக் கணக்கு. கிழிசல் அந்தமானின் காலடியிலேயே ஓடியது. அளவு எட்டைத் தாண்டினால் புள்ளியை மறந்துவிட்டு, நீளமான ஒரு கோட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

அடுத்து ஆழம். 70 கி.மீ. வரை இருந்தால் ஆழம் குறைந்தது, 70 முதல் 300 வரை இடைநிலை, அதற்கு மேல் சுமார் 700 வரை ஆழமானது. ஆழம் என்ன செய்யும் என்பதை 2015-ஆம் ஆண்டு நன்றாகவே காட்டியது. ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் 7.8 அளவில் ஒரு நிலநடுக்கம். குவியம் ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டருக்குள். சுமார் 9,000 பேர் இறந்தார்கள். அக்டோபர் 26 அன்று ஆப்கானிஸ்தானின் இந்துகுஷ் மலைப்பகுதியில் 7.5. தில்லி வரை குலுங்கியது. ஆனால் குவியம் 200 கிலோமீட்டருக்கும் கீழே. இறந்தவர்கள் சுமார் 400 பேர். மக்கள் அடர்த்தி, வீடுகளின் கட்டுமானம் என்று வேறு காரணங்களும் உண்டு. இருந்தாலும் ஆழத்தின் பங்கு பெரிது. ஆழத்திலிருந்து வரும் அதிர்வு மேலே வந்து சேர்வதற்குள் வலுவிழக்கிறது, ஆனால் பரந்த பகுதியில் உணரப்படுகிறது.

ஒரு நுணுக்கம்: பல அறிக்கைகளில் ஆழம் சரியாக ‘10 கி.மீ.’ என்று இருக்கும். கருவிகளின் தரவு போதாதபோது, ஆழத்தை ஒரு வசதியான எண்ணில் நிறுத்திக் கணக்கிடுவது ஆய்வு மையங்களின் நடைமுறை. அப்படிப் பார்த்தால் ‘ஆழம் குறைந்தது’ என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: அந்த எண்

எல்லோரும் முதலில் பார்ப்பது எண்ணைத்தான். அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுதான்.

1935-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சார்லஸ் ரிக்டர் ஓர் அளவுமுறையை உருவாக்கினார். தெற்கு கலிபோர்னியாவின் நிலநடுக்கங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்காக, ஒரு குறிப்பிட்ட வகைப் பதிவுக்கருவியை அடிப்படையாக வைத்துச் செய்தது. நல்ல கருவிதான், ஆனால் மிகப் பெரிய நிலநடுக்கங்களுக்குப் போதாது. ஏழைத் தாண்டும்போது எண் உயராமல் தேங்கிவிடும். ஐம்பது கிலோ வரை மட்டும் காட்டும் தராசில் மூட்டை மூட்டையாக ஏற்றுவது மாதிரி. இதைச் சரிசெய்ய 1979-இல் ஹாங்க்ஸ், கனமோரி என்ற இரு அறிவியலாளர்கள் உந்தத் திறன் அளவுமுறையை முன்வைத்தார்கள். எவ்வளவு பரப்பு நழுவியது, எவ்வளவு தூரம் நழுவியது, பாறை எவ்வளவு விறைப்பானது என்ற மூன்றையும் கொண்டு கணக்கிடுவது. இன்று பெரிய நிலநடுக்கங்களுக்கு ஆய்வு மையங்கள் தருவது இந்த எண்ணைத்தான். செய்தியில் ‘ரிக்டர் அளவுகோலில் 7.8’ என்று வந்தால், பழக்கத்தில் எழுதுகிறார்கள் என்று புரிந்துகொண்டு கடந்துபோகலாம்.

எண் ஒன்று கூடினால் நில அசைவின் வீச்சு பத்து மடங்கு கூடும். வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு. இரண்டு எண் கூடினால் ஆற்றல் ஆயிரம் மடங்கு. ‘ஐந்துக்கும் ஏழுக்கும் இரண்டுதானே வித்தியாசம்’ என்று மனது சொல்லும். அதைக் கேட்காதீர்கள்.

2004-இல் இந்த எண் உயிர்ப் பிரச்சினையாகவே இருந்தது. ஹவாயில் இருந்த பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையத்தின் முதல் கணக்கு 8.0. பிறகு 8.5. பல மணி நேரம் கழித்துத்தான் 9.0 என்று தெரிந்தது. பிறகு நடந்த ஆய்வுகள் 9.1-க்கும் மேலே கொண்டுபோயின. 8.0-க்கும் 9.1-க்கும் இடையே ஆற்றலில் சுமார் 45 மடங்கு வேறுபாடு. எனவே முதல் அரை மணி நேரத்தில் வரும் எண்ணைத் தற்காலிகமானது என்றே பாருங்கள். பின்னால் மாறினால் யாரோ மறைக்கிறார்கள் என்று பொருளில்லை. மேலும் பல நிலையங்களின் பதிவுகள் வந்து சேர்ந்து கணக்கு தெளிவாகிறது, அவ்வளவுதான்.

நான்காம் படி: அளவு வேறு, தீவிரம் வேறு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கோயில் திருவிழாவில் அதிர்வேட்டுப் போடுகிறார்கள். அதில் அடைத்த மருந்து எவ்வளவோ அவ்வளவுதான். ஆனால் பக்கத்தில் நிற்பவருக்குக் காதடைக்கும், கடைவீதியில் இருப்பவர் திடுக்கிடுவார், அடுத்த ஊரில் தூரத்து இடி போலக் கேட்கும். மருந்துதான் அளவு. ஒவ்வொருவர் காதிலும் கேட்டது தீவிரம். ஒரு நிலநடுக்கத்துக்கு அளவு ஒன்றே ஒன்று. தீவிரம் ஊருக்கு ஊர், சில சமயம் தெருவுக்குத் தெரு மாறும்.

தீவிரத்தைக் குறிக்கத் திருத்திய மெர்கலி அளவுகோல் இருக்கிறது. 1 முதல் 12 வரை, பெரும்பாலும் ரோமன் எண்களில் எழுதுவார்கள். 1 என்றால் யாருக்கும் தெரியாது. 4 என்றால் வீட்டுக்குள் இருப்பவர்கள் உணர்வார்கள், பாத்திரங்கள் கலகலக்கும். 8-இல் சாதாரணக் கட்டடங்கள் பகுதியாக இடியும். 12-இல் எதுவும் மிஞ்சாது. இதற்குத் தனிக் கருவி கட்டாயமில்லை. மனிதர்கள் உணர்ந்ததையும் கட்டடங்களுக்கு ஆனதையும் வைத்தே சொல்லிவிடலாம்.

தீவிரத்தை எது தீர்மானிக்கிறது? தூரமும் ஆழமும் தெரிந்ததே. மூன்றாவது, பலர் மறந்துவிடுவது: காலுக்குக் கீழே இருக்கும் மண். 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோவின் பசிபிக் கரையில் 8.0 அளவில் நிலநடுக்கம். அங்கிருந்து 350 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்த மெக்சிகோ நகரத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். வழியில் இருந்த பல ஊர்களுக்கு அவ்வளவு சேதம் இல்லை. காரணம், அந்த நகரத்தின் பெரும்பகுதி பழைய ஏரிப் படுகையின் மேல் நிற்கிறது. மென்மையான களிமண் அதிர்வைப் பெருக்கியது. அந்த ஆட்டத்தின் தாளமும் நடுத்தர உயரக் கட்டடங்களின் தாளமும் ஒத்துப்போயின. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிக்கொண்டே இருந்தால் என்ன ஆகுமோ அது ஆனது.

மண்ணோடு தொடர்புடைய இன்னொரு சொல், மண் திரவமாதல். நீர் ஊறிய மணல், குலுக்கலில் தன் பிடியை இழந்து குழம்பு போல ஆகிவிடும். 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்தில் கட்ச் ரண் பகுதியில் இப்படித் தண்ணீரும் மணலும் நிலத்திலிருந்து பீய்ச்சி அடித்தன. ஏரியைத் தூர்த்து வீடு கட்டும் ஊர்களில் வாழ்கிறவர்கள் இந்தச் சொல்லைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அளவு பெரிதாக இல்லாமலேயே பேரழிவு நடக்கலாம் என்பதற்கு 1993 செப்டம்பர் 30. மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பக்கம் கில்லாரியில் 6.2. உலக அளவில் ஆண்டுதோறும் இந்த அளவில் பல நடக்கின்றன. ஆனால் இது ஆழம் குறைந்தது, நடந்த நேரம் அதிகாலை நான்கு மணிக்குச் சற்று முன், மக்கள் தூங்கிக்கொண்டிருந்தது மண் சாந்தில் கல் அடுக்கிய கனத்த சுவர்களுக்கு உள்ளே. சுமார் 10,000 பேர் போனார்கள்.

ஐந்தாம் படி: அலைகள்

குவியத்திலிருந்து அதிர்வு அலைகளாகப் பரவுகிறது. முதலில் வருவது முதன்மை அலை, பி அலை என்றும் சொல்வோம். மேலோட்டுப் பாறையில் நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் வேகம். போகும் திசையிலேயே பாறையை அழுத்தியும் இழுத்தும் செல்லும். திடப்பொருள், திரவம் எல்லாவற்றையும் கடக்கும். அப்புறம் வருவது இரண்டாம் நிலை அலை, எஸ் அலை. நொடிக்குச் சுமார் மூன்றரை கிலோமீட்டர். போகும் திசைக்குக் குறுக்காக ஆட்டும், திரவத்துக்குள் போகாது. பூமியின் வெளிக்கரு திரவம் என்று நாம் அறிந்ததே, இந்த அலை அதைத் தாண்டி வராததைக் கவனித்துத்தான். கடைசியாக மேற்பரப்பு அலைகள். மெதுவானவை, நிலத்தின் மேல்பகுதியிலேயே ஓடுபவை, கட்டடங்களுக்கு அதிகச் சேதம் செய்பவை.

இதை வைத்து நீங்களே ஒரு கணக்குப் போடலாம். முதல் சிறு உதறலுக்கும் அடுத்து வரும் பலத்த ஆட்டத்துக்கும் இடையே உள்ள நொடிகளை எண்ணி, எட்டால் பெருக்குங்கள். 10 நொடி என்றால் குவியம் ஏறக்குறைய 80 கிலோமீட்டரில். மின்னலைப் பார்த்து இடிக்கு எண்ணுவது போலத்தான். ஒரு நிலையத்தில் தூரம் மட்டும் தெரியும், திசை தெரியாது. மூன்று நிலையங்களின் தூரங்களை மூன்று வட்டங்களாக வரைந்தால் அவை சந்திக்கும் இடம் வெளிமையம். ஜப்பான் 2007 முதல் மக்களுக்குக் கொடுத்துவரும் நிலநடுக்க முன்னெச்சரிக்கையும் இந்த இடைவெளியில்தான் இயங்குகிறது. பி அலையைக் கருவி பிடித்ததும், எஸ் அலை வந்து சேர்வதற்குள் ரயிலை நிறுத்தச் சில நொடிகள் கிடைக்கும்.

2012-இல் சென்னையில் கீழ்த்தளத்தில் இருந்த பலருக்கு ஒன்றுமே தெரியாமல், மேல்மாடிக்காரர்களுக்கு மட்டும் தலை சுற்றியதற்கும் விடை இங்கே இருக்கிறது. இரண்டாயிரம் கிலோமீட்டர் கடந்து வந்து சேர்பவை பெரும்பாலும் நிதானமான, நீண்ட அலைகள். அவை உயரமான கட்டடங்களைத்தான் அதிகம் ஆட்டும்.

ஆறாம் படி: பாறை எந்தப் பக்கம் நகர்ந்தது?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம்: 2004-இல் வந்த பேரலை 2012-இல் ஏன் வரவில்லை? பிளவுகள் மூன்று வகை. பாறை இழுபடும் இடத்தில் ஒரு பக்கம் கீழே சரியும்: இயல்புப் பிளவு. அழுத்தப்படும் இடத்தில் ஒரு பக்கம் மற்றதன் மேல் ஏறும்: எதிர்ப் பிளவு. இரண்டு பக்கமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடைமட்டமாக நகர்ந்தால் பக்கவாட்டுப் பிளவு.

2004-இல் நடந்தது எதிர்ப் பிளவு வகை. அங்கே இந்தியத் தட்டு, கிழக்கே இருக்கும் பர்மா தட்டின் அடியில் செருகிப் போகிறது. இதற்கு அமிழ்தல் என்று பெயர். நூற்றாண்டுகளாகச் சிக்கியிருந்த மேல்தட்டின் விளிம்பு விடுபட்டு எம்பியது. கடலடி பல மீட்டர் உயர்ந்ததும் அதன் மேலிருந்த தண்ணீர் முழுவதும் தூக்கப்பட்டது. அதுதான் ஆழிப்பேரலை. 2012-இல் நடந்தது பக்கவாட்டு நழுவல். கடலடி கிடைமட்டமாக நகர்ந்தது, தண்ணீரைத் தூக்கவில்லை. அறிக்கைகளில் இந்த விவரம் கொஞ்சம் தாமதமாக, கடற்கரைப் பந்து போலக் கறுப்பு வெள்ளை வட்டமாக வரும்.

ஆனால் இதைத் தெரிந்துகொண்டு கடற்கரையில் நின்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். 2018 செப்டம்பர் 28-இல் இந்தோனேசியாவின் பாலு நகரத்தைத் தாக்கிய 7.5 நிலநடுக்கமும் பக்கவாட்டு வகைதான். குறுகிய வளைகுடாவில் பேரலை எழுந்தது, ஊரின் சில பகுதிகள் மண் திரவமாகி நகர்ந்தே போயின. கரையில் இருக்கும்போது நிலம் பலமாகவோ நெடுநேரமோ ஆடினால், கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால், உயரமான இடத்துக்குப் போய்விடுங்கள். மீதியை ஹைதராபாத்தில் 2007 முதல் இயங்கும் இன்காய்ஸ் சுனாமி எச்சரிக்கை மையம் பார்த்துக்கொள்ளட்டும். 2004-இல் சுமத்ராவின் அதிர்வு சென்னைக்கு வந்து சேர நான்கு நிமிடம் ஆனது. அலை வந்து சேரச் சுமார் இரண்டரை மணி நேரம். அந்த இரண்டரை மணி நேரத்தில் நாகப்பட்டினத்திலோ மெரினாவிலோ யாருக்கும் ஒரு சொல் போய்ச் சேரவில்லை. என்னால் இன்றும் அதை ஆறி யோசிக்க முடிவதில்லை.

ஏழாம் படி: அதற்குப் பின்

பெரிய அதிர்வு முதன்மை அதிர்வு. அதன்பின் அதே பகுதியில் தொடர்பவை பின்னதிர்வுகள். சிறியதாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. நேபாளத்தில் 17 நாள் கழித்து, மே 12 அன்று, 7.3 அளவில் ஒன்று வந்து மேலும் உயிர்களைப் பறித்தது. விரிசல் விட்ட வீட்டுக்குள் உடனே போகாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். முன்னதிர்வு என்பது கொஞ்சம் தந்திரமான சொல். 2011 மார்ச் 9 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கடலில் ஏழுக்கு மேல் ஒரு நிலநடுக்கம் நடந்தபோது அதுவே முதன்மை என்று தோன்றியது. இரண்டு நாளில் 9-ஐத் தொட்ட பேரதிர்வு வந்தபிறகே முந்தையது முன்னதிர்வு ஆயிற்று. நடக்கும்போது அப்படிப் பெயர் சூட்ட யாராலும் முடியாது.

‘நாளை இத்தனை மணிக்கு வரும்’ என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அழித்துவிடுங்கள். நாள், இடம், அளவு மூன்றையும் முன்கூட்டிச் சொல்லும் முறை உலகில் யாரிடமும் இல்லை. முன்னெச்சரிக்கை என்பது நிலநடுக்கம் தொடங்கிய பிறகு சில நொடிகள் கிடைப்பது.

உங்கள் ஊருக்கு வைத்துப் பாருங்கள்

2002-இல் திருத்திய இந்திய வரைபடம் நாட்டை 2 முதல் 5 வரை நான்கு நில அதிர்வு மண்டலங்களாகப் பிரித்தது. அதில்தான் சென்னை இரண்டிலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு வந்தது. ‘மூன்றாம் மண்டலம் என்றால் மூன்று அளவில் வரும்’ என்று சிலர் நினைப்பதுண்டு. தவறு. அங்கே எதிர்பார்க்கும் ஆட்டத்தின் கடுமைக்கு ஏற்பக் கட்டடம் கட்டுவதற்கான வகைப்பாடு அது. தென்னிந்தியா தட்டு எல்லையில் இல்லைதான். என்றாலும் தட்டின் உள்ளேயும் பழைய பிளவுகள் உண்டு. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியில் ஆறை ஒட்டிய அளவில் ஒன்று நடந்தது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5.

பயிற்சி செய்ய விரும்பினால் புது தில்லியில் உள்ள தேசிய நில அதிர்வு மையத்தின் தளத்தையோ அதன் பூகம்ப் செயலியையோ திறந்து பாருங்கள். அநேகமாக அன்றைக்கே நடந்த ஏதோ ஒன்று இருக்கும். நேரம், வெளிமையம், ஆழம், அளவு என்று வரிசையாகப் படித்து, அருகே எந்த ஊர், அங்கே என்ன மண், தீவிரம் எவ்வளவு இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துப் பாருங்கள். எப்போதாவது நீங்களே ஓர் அதிர்வை உணர்ந்தால், பதற்றம் அடங்கியதும் ‘நீங்கள் உணர்ந்தீர்களா’ என்று கேட்கும் இணையப் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள். எந்த மாடியில் இருந்தீர்கள், பாத்திரம் விழுந்ததா, எத்தனை நொடி நீடித்தது என்று கேட்பார்கள். தீவிர வரைபடத்தில் உங்கள் தெருவுக்கு நிறம் தருவது அந்தப் பதில்கள்தான்.